புயல் இரவில் முதல் பின்னல்: பூனை வளர்ப்போருக்கான செய்முறை விளக்கம்

மொரீசியசில் நவம்பர் முதல் மே மாத நடுப்பகுதி வரை புயல் பருவம். அந்த மாதங்களில் எப்போது வேண்டுமானாலும் சன்னல்களை அடைத்துக்கொண்டு, மின்சாரம் போன வீட்டுக்குள் பல மணி நேரம் இருக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப்பட்ட நேரத்தில் கைக்கும் மனத்துக்கும் ஏற்ற வேலை கம்பளிப் பின்னல் என்பது என் அனுபவம். இங்குள்ள கிரியோல் மொழியில் நாம் ‘த்ரிகோ’ என்று சொல்லும் இந்தக் கைவேலையை நான் என் அம்மாவிடம் கற்றேன். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு இங்கே பெருகிய பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ஒன்றில், ‘ரெமாயாஜ்’ பிரிவில் அவர் பல ஆண்டுகள் வேலை செய்தார். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டையை உடற்பகுதியோடு கண்ணிக்குக் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) பொருத்தி இணைக்கும் வேலை அது. ஒரு கண்ணி தவறினாலும் துணி அந்த இடத்தில் பிரிந்துவிடும் என்பதால், கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. அதையே எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

இந்த விளக்கத்தில் நாம் செய்யப்போவது ஒரே ஒரு சதுரம். அகலம் 36 கண்ணி. ஒரே வகைக் கண்ணி. எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கலாம். வீட்டில் பூனை இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஏனெனில் நூலும் பூனையும் ஒரே அறையில் இருக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. புயல் இரவில் அவை இருமடங்கு முக்கியமாகின்றன.

முதலாம் எச்சரிக்கை: பொருள்களைச் சேர்த்தல்

இங்கே புயல் எச்சரிக்கை நான்கு படிகளில் வரும். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று வீசக்கூடும் என்று கருதப்படும் நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பாக முதலாம் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. குடிநீர், ரொட்டி, பேட்டரி, பூனைக்கான உணவு, மணல் ஆகியவற்றை வாங்கப் போகும்போதே பின்னலுக்கானவற்றையும் வாங்கிவிடுங்கள்.

நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் 50 கிராம் கண்டு ஒன்று ஒரு சதுரத்துக்குப் போதும். வெளிர் நிறத்தில் வாங்குங்கள். டார்ச் வெளிச்சத்தில் கறுப்பு, கருநீல நூல்களின் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும்; மஞ்சளோ இளம்பச்சையோ என்றால் ஒவ்வொரு கண்ணியும் தனித்து நிற்கும். மெல்லிய மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முதல் முயற்சிக்கு வேண்டாம். தவறினால் பிரிக்கவே முடியாது. அக்ரிலிக் நூல் மலிவு என்றாலும் என் தேர்வு கம்பளிதான். அது இழுத்தால் நெகிழ்ந்து, விட்டால் மீளும். புதியவர்களின் ஏற்றத்தாழ்வான இறுக்கத்தை ஓரளவு மறைத்துவிடும்.

ஊசிகள் 5 மி.மீ. பருமனில், மூங்கிலாலோ மரத்தாலோ செய்தவையாக இருக்கட்டும். உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கிக் கழன்றுவிடும். ஊசிகள் உரசும்போது எழும் கிணுகிணுப்பு பூனையையும் அருகே வரவழைக்கும். இரு முனைகளையும் ஒரு மெல்லிய கம்பி இணைக்கும் வட்ட ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய காது ஊசி, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி ஆகியவை வேண்டும்.

பெட்டியின் மூடியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை இட்டு, நூல்கண்டை உள்ளே வைத்து, நுனியைத் துளை வழியாக வெளியே எடுங்கள். துளையின் விளிம்பை மணல்தாளால் தேய்த்துவிட்டால் நூல் அறுபடாது. உருளும் கண்டைப் பார்த்த பூனை சும்மா இருக்காது. பார்க்காத பூனை பெரும்பாலும் தூங்கிவிடும்.

நூலைப் பற்றிப் பூனை வளர்ப்போர் அறிய வேண்டியது

பூனையின் நாக்கில் இருக்கும் சிறு முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருக்கின்றன. ஆகவே வாய்க்குள் போன நூலைத் துப்ப அதனால் எளிதில் முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அசைய அசைய, நாடா கோத்த பாவாடை சுருங்குவதுபோல அந்த நூலின் மேல் மடிந்து சுருங்கி, நூல் குடலின் சுவரை அறுத்துவிடக்கூடும். உயிருக்கு ஆபத்தான நிலை அது; பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

எங்கள் பூனை மல்லிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, நான் வெட்டிப்போட்ட நூல் துண்டு ஒன்றின் முனை அதன் கடைவாயில் தொங்குவதைக் கண்டேன். இழுக்கக் கை போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் குடல் கிழியும். கால்நடை மருத்துவரிடம் உடனே தூக்கிச் சென்றோம். நூல் நாக்கைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அவரால் அங்கேயே எடுக்க முடிந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது, சாலையும் திறந்திருந்தது. 2024 சனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததைப் பார்த்த பிறகு, அந்த நூல் துண்டை நினைக்காமல் நான் ஒரு புயலையும் கடந்ததில்லை.

எனவே விதி இதுதான்: வெட்டிய ஒவ்வொரு நூல் துண்டும் அந்தக் கணமே கண்ணாடிப் புட்டிக்குள் போக வேண்டும். மடியிலோ, நாற்காலியின் கைப்பிடியிலோ வைக்கக் கூடாது. எழுந்து போகும்போது, அது குடிநீர் எடுக்கத்தான் என்றாலும், பின்னல் முழுவதும் பெட்டிக்குள் போய் மூடி சாத்தப்பட வேண்டும். காது ஊசிக்கும் இதே விதி. பூனை வாந்தி எடுத்தாலோ, உணவைத் தொடாமல் சுருண்டு கிடந்தாலோ, வாயிலோ மலவாயிலோ நூல் தெரிந்தாலோ, இழுக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் சொல்வதைச் செய்யுங்கள். அவருடைய எண்ணை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

இரண்டாம் எச்சரிக்கை: பகல் வெளிச்சத்தில் கண்ணி ஏற்றுதல்

இரண்டாம் எச்சரிக்கை 12 மணி நேரப் பகல் வெளிச்சமும், மூன்றாம் எச்சரிக்கை 6 மணி நேரப் பகல் வெளிச்சமும் மிஞ்சியிருக்கும்படி விடுக்கப்படுகின்றன. வீட்டைப் பாதுகாக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அமைந்த கணக்கு அது. பின்னல் கற்பவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். தொடக்கத்தைப் பகலில் செய்துவிட்டால், இரவில் கையே வழி காட்டும். வீட்டு வேலைகள் முடிந்ததும் சன்னல் ஓரமாக உட்காருங்கள்.

நூலின் நுனியிலிருந்து 20 செ.மீ. விட்டு, ஒரு சுருக்குக் கண்ணி போட்டு, இடக்கை ஊசியில் மாட்டுங்கள். நூலை இழுத்தால் கண்ணி ஊசியைத் தழுவ வேண்டும். ஆனால் ஊசியில் தாராளமாக நகரவும் வேண்டும். இப்போது வலக்கை ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நுழையுங்கள். இரண்டு ஊசிகளும் பெருக்கல் குறிபோல் குறுக்காக நிற்கும். வலக்கை ஊசி பின்னால் இருக்கும். கண்டிலிருந்து வரும் நூலை வலக்கை ஊசியின் முனையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைப் பழைய கண்ணியின் வழியே முன்பக்கம் இழுத்துக்கொண்டு வாருங்கள். வலக்கை ஊசியில் ஒரு புதிய கண்ணி கிடைத்திருக்கும். பழையதைக் கழற்றாமல், புதியதையும் இடக்கை ஊசியிலேயே மாட்டுங்கள். இப்போது இரண்டு. இப்படியே, ஒவ்வொரு முறையும் கடைசியாக மாட்டிய கண்ணிக்குள் நுழைந்து, 36 ஆகும்வரை ஏற்றுங்கள்.

இரட்டை நூல் முறை உள்ளிட்ட வேறு வழிகளும் உண்டு. இந்த வழியை நான் தேர்ந்தெடுத்தது, அடுத்த படியில் வரும் பின்னல் அசைவை இதுவே 35 முறை பழக்கிவிடுகிறது என்பதால்தான்.

பின்னல் வரிசை: நுழை, சுற்று, இழு, விடு

அம்மா எனக்குச் சொன்ன நான்கு சொற்கள் இவை. முதல் மூன்றும் நீங்கள் ஏற்கெனவே செய்தவை. முதல் கண்ணிக்குள் நுழைந்து, நூலைச் சுற்றி, புதிய கண்ணியை இழுத்ததும், இப்போது புதியதை வலக்கை ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். ஒரு கண்ணி முடிந்தது. இடக்கை ஊசி காலியாகும்வரை தொடர்ந்தால் ஒரு வரிசை முடியும். பின்னர் ஊசிகளைக் கைமாற்றி, அதே அசைவால் அடுத்த வரிசை.

எல்லா வரிசைகளையும் இந்த ஒரே கண்ணியால் பின்னும்போது, துணியின் இரு பக்கங்களிலும் வயல் வரப்புப் போன்ற மேடுகள் வரும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. இந்தப் பின்னலில் கண்ணிகளின் எண்ணிக்கையும் வரப்புகளின் எண்ணிக்கையும் சமமானால் துணி ஏறக்குறையச் சதுரமாக அமையும். ஆகவே 36 கண்ணிக்கு 36 வரப்பு, அதாவது 72 வரிசை. சொன்ன நூலுக்கும் ஊசிக்கும் பக்கத்துக்கு 20 முதல் 22 செ.மீ. வரை வரும்.

ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 37 வந்தால், பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னே இழுத்திருப்பீர்கள். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி இரண்டு கண்ணிகள்போலத் தெரியும். நூலை ஊசிக்குக் கீழாகவே பின்னே கொண்டுசெல்லுங்கள்.

நான்காம் எச்சரிக்கை: இருளில் பின்னுதல்

120 கி.மீ. வேகக் காற்று பதிவாகி, அது தொடரும் என்று எதிர்பார்க்கப்படும்போது நான்காம் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அதற்கு முன்பே பூனையைச் சன்னல் குறைந்த உள்ளறைக்குக் கொண்டுவந்து, மணல் தட்டையும் தண்ணீரையும் கூடையையும் அங்கே வைத்துவிடுங்கள். அது கட்டிலுக்கு அடியில் பதுங்கினால் பதுங்கட்டும். இழுத்து மடியில் வைக்க வேண்டாம். மெழுகுவத்தி வேண்டாம். கம்பளி எளிதில் தீப்பற்றாது என்றாலும் பூனையின் வால் ஒரு வத்தியைத் தட்டிவிட ஒரு நொடி போதும். அக்ரிலிக் என்றால் உருகி எரியும். நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தால் அதுவே சிறந்தது.

வரப்புகளைக் கட்டைவிரல் நகத்தால் தடவியே எண்ணலாம். பத்து வரப்புக்கு ஒரு பென்சில் கோடு தாளில் போடுங்கள். குறிப்புக்காகச் சிறு வளையங்களோ வண்ண நூல்களோ மாட்டுவதைப் பூனை உள்ள வீட்டில் நான் தவிர்க்கிறேன்.

பூனை மடியில் பாய்ந்தால் என்ன செய்வது? கூரையில் ஏதோ ஒன்று வந்து விழுந்த ஓசையில் மல்லி ஒருமுறை என் பின்னலின் மேலேயே பாய்ந்தது. ஊசி ஒன்று உருவிக்கொண்டு போனது. அந்த நிலையில் பூனையைத் தூக்கக் கூடாது. நகத்தில் மாட்டிய நூலும் கூடவே வரும். பாதத்தின் மெத்தையை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும், நூலை அதிலிருந்து விடுவிக்கலாம். பிறகு துணியை மேசைமேல் பரப்பி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். திறந்த கண்ணிகள் நிழலோடு சிறு வாய்களாகத் தெரியும். ஒவ்வொன்றையும் ஊசியில் மீண்டும் மாட்டுங்கள். அவசரப்பட்டு இழுக்காதவரை கம்பளிக் கண்ணி தன் இடத்திலேயே நிற்கும். ஒரு கண்ணி மட்டும் கீழிறங்கி, அதற்கு மேல் ஏணிப்படிபோல் நூல் தெரிந்தால், அந்தப் படி கண்ணிக்குப் பின்னால் இருக்கும்படி துணியைத் திருப்பி, ஊசிமுனையால் படியைக் கண்ணியின் வழியே முன்னே இழுங்கள். இன்னும் ஒரு படி மிஞ்சினால் துணியை மறுபக்கம் திருப்பி அதையே செய்யுங்கள். படிக்கு ஒரு முறை திருப்பினால்தான் வரப்பு குலையாது. வட்ட ஊசியைப் பரிந்துரைத்ததன் காரணம் இதுதான்: ஆபத்து என்றால் கண்ணிகளை நடுக்கம்பிக்குத் தள்ளிவிடலாம்.

நள்ளிரவில் திடீரென்று காற்று அடங்கினால், அது புயலின் கண்ணாக இருக்கலாம். 1960 பிப்ரவரியில் கரோல் புயலின் கண் தீவின் மேல் வந்தபோது நிலவிய அமைதியைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். கதவைத் திறக்காதீர்கள், பூனை வெளியே ஓடும் நேரமும் அதுதான். வானொலி அறிவிப்பு வரும்வரை வரிசையைத் தொடருங்கள்.

அடைத்தலும் முனைகளை மறைத்தலும்

36-வது வரப்பு முடிந்ததும் துணியை மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் சதுரம். பொருந்தாவிட்டால் இரண்டொரு வரிசையைக் கூட்டலாம், பிரிக்கலாம்.

இனி அடைத்தல், அதாவது கண்ணிகள் பிரியாதபடி ஊசியிலிருந்து எடுத்தல். இரண்டு கண்ணிகளைத் தளர்வாகப் பின்னுங்கள். இடக்கை ஊசிமுனையால் முதல் கண்ணியைத் தூக்கி, இரண்டாவதன் மேலாகக் கடத்தி, ஊசியிலிருந்து விடுங்கள். இன்னொன்று பின்னி, மீண்டும் கடத்துங்கள். கடைசியாக ஒரு கண்ணி மிஞ்சும்போது 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, அந்த நுனியைக் கண்ணியின் வழியே இழுத்து இறுக்குங்கள். இறுக்கமாக அடைத்தால் மேல் ஓரம் சுருங்கும். இது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

இரண்டு நுனிகளையும் காது ஊசியில் கோத்து, வரப்பின் மேடுகளுக்குள் ஆறு கண்ணி தூரம் ஓட்டி, திரும்பி மூன்று கண்ணி ஓட்டுங்கள். இந்தத் திருப்பம் இருந்தால்தான் பூனை நகத்தால் கீறும்போது நுனி வெளிவராது. மிஞ்சிய துண்டை வெட்டிப் புட்டிக்குள் போடுங்கள். குழாயில் தண்ணீர் திரும்ப வந்த பிறகு சதுரத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டிப் பிழிந்து, சமதளத்தில் விரித்துக் காயவையுங்கள்.

இப்படி நான்கு சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் பக்கத்துக்கு 40 செ.மீ.க்குச் சற்று மேலான ஒரு விரிப்புக் கிடைக்கும். பூனையின் கூடைக்கு அது சரியான அளவு. சில பூனைகள், குறிப்பாகச் சயாமீஸ் இனத்தவை, கம்பளியைச் சப்பி மென்று விழுங்கும் பழக்கம் உடையவை. உங்கள் பூனை விரிப்பை முன்னங்கால்களால் பிசைந்து படுத்துக்கொண்டால் அப்படியே விட்டுவிடலாம். வாயில் வைத்து மெல்லத் தொடங்கினால் விரிப்பை எடுத்துவிட்டு, பருத்தித் துணி ஒன்றை அங்கே விரித்துவிடுங்கள்.