புளியங்கொட்டை, புள்ளிக்கோலம், 495: தொடக்கப்பள்ளியில் அரைநாள் கணக்குப் பட்டறை

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள். 2012 முதல் அது தேசியக் கணித நாள். பல பள்ளிகளில் அன்றைக்குப் பேச்சுப் போட்டியும் வாய்ப்பாடு ஒப்பித்தலும் நடக்கும். பேச வருகிற பிள்ளை பேசும், மற்றவர்கள் கைதட்டுவார்கள், கணக்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் மூன்று மணி நேரம் உண்மையாகவே கணக்குக்குள் இருக்க என்ன செய்யலாம் என்பதற்கான வழிமுறை இது. அந்த நாள்தான் என்றில்லை, எந்தச் சனிக்கிழமை காலையிலும் நடத்தலாம்.

முதலில் கணக்கைத் தேர்ந்தெடுப்பது. இங்கே ஒரே ஒரு அளவுகோல் போதும்: விடை சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளப் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது. கையில் இருக்கிற பொருளே சொல்லிவிட வேண்டும். புதிர்க் கேள்விகள், வேகக் கணக்கு, மூளைக்கு வேலை வகையறாக்கள் பெரும்பாலும் இதில் தேறாது. அவற்றில் விடை கேட்டவரிடமே இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் சொல்லிவிட்டால் மீதி 28 பேருக்கு வேலை இல்லை. கீழே உள்ள மூன்றும் தேறும். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்து வைத்தால் ஒவ்வொன்றும் சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடித்துவிடும்.

நேரம்: 9.30க்குப் புளியங்கொட்டை, 40 நிமிடம். 10.10க்குக் கோலம், 50 நிமிடம். 11 மணிக்குச் சுண்டல், தண்ணீர், கால் மணி நேரம். திரும்பி வந்து மறுபடி கோலம், 25 நிமிடம். 11.40க்கு 495. 12.15க்கு மேல் எழுதி வைப்பது. கோலத்தை இடைவேளைக்கு இருபுறமும் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். சுண்டல் சாப்பிடும்போது பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்தான் பாதிக் கண்டுபிடிப்பு நடக்கும்.

சாமான்: கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை அரைக் கிலோ, 15 காகிதக் கப், கப்புக்கு 21 கொட்டை. முந்தின நாளே எண்ணிப் போட்டுவிடுங்கள், காலையில் எண்ண உட்கார்ந்தால் பத்து நிமிடம் போய்விடும். புள்ளித் தாள் 80, ஏ4 அளவில், புள்ளிக்குப் புள்ளி 2 சென்டிமீட்டர், நேர்ப்புள்ளியாக. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அச்சடித்தால் ஒன்பது வயதுக் கைக்குக் கோடு வளையாது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வண்ணப் பென்சில் ஜோடிக்கு நான்கு நிறம். கட்டம் போட்ட நோட்டுத் தாள் 60. சுவரில் ஒட்ட இரண்டு பெரிய சார்ட். உதவிக்கு நான்கு பேர், கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது, 'அக்கா, அண்ணா' என்று கூப்பிடப் பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்காது.

கொட்டை எடுக்கும் விளையாட்டு

இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். நடுவில் 13 கொட்டை. முறை வைத்து ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், எடுக்காமல் விட முடியாது. கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு ஜெயம். விதி இவ்வளவுதான். வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் அரை நிமிடத்தில் ஆட ஆரம்பித்துவிடும்.

கால் மணி நேரம் சும்மா ஆடட்டும். இங்கே உதவியாளர்கள் செய்கிற பெரிய தப்பு, தாங்களும் உட்கார்ந்து ஆடி ஜெயித்துக் காட்டுவது. அக்காவுக்கு ஏதோ வித்தை தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு வித்தையைக் கேட்கும். பிள்ளையும் பிள்ளையும்தான் ஆட வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எத்தனை கொட்டை மிச்சம் வச்சா, எதிராளி என்ன எடுத்தாலும் உனக்கு ஜெயம்?" தடுமாறினால் 13ஐ விட்டுவிட்டு 5 கொட்டையோடு ஆடச் சொல்லுங்கள். அடுத்து 6, 7, 8. நான்கு மிச்சம் வைத்தால் போதும் என்பதைப் பெரும்பாலான ஜோடிகள் பிடித்துவிடும். அதற்கு மேல் எட்டு, பன்னிரண்டு என்று போவதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

சீக்கிரம் முடித்தவர்களுக்கு அதே விளையாட்டில் ஒரு விதியை மாற்றுங்கள். ஒன்றோ இரண்டோ மட்டும் எடுக்கலாம் என்றால் என்ன ஆகும்? (மூன்றின் மடங்கு.) கடைசிக் கொட்டை எடுப்பவர் தோற்றார் என்றால்? (1, 5, 9, 13 மிச்சம் வைக்க வேண்டும், ஆக, 13இல் முதலில் எடுப்பவருக்கே கஷ்டம்.) அடைப்புக்குள் இருப்பது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல.

எத்தனை கம்பியில் முடியும்?

பட்டறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாசலில் பார்த்துப் பழகிய சிக்குக் கோலம், கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். கேள்வி: இத்தனை வரிசை, வரிசைக்கு இத்தனை புள்ளி என்றால் கோலம் எத்தனை தனிக் கம்பியில் முடியும்?

போடும் முறையைப் பலகையில் ஒருமுறை, 2 வரிசை 3 புள்ளிக்குச் செய்து காட்டுங்கள். வேண்டிய புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு பெட்டி, ஓரப் புள்ளியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே, கிடையிலும் நெடுக்கிலும், சின்னதாகப் பெருக்கல் குறி. மூலைவாட்டில் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே குறி கிடையாது. ஏதாவது ஒரு குறியில் பென்சிலை வைத்துச் சாய்வாகக் கிளம்பினால் அடுத்த குறிக்குப் போகும். குறியில் திரும்பக் கூடாது, நேரே தாண்ட வேண்டும். பெட்டிச் சுவர் வந்தால் ஓரப் புள்ளியை வளைத்துக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும். கிளம்பிய கோட்டோடு கோடு சேர்ந்தால் ஒரு கம்பி முடிந்தது. எல்லாக் குறியிலும் இரண்டு கோடுகள் வெட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு குறியில் ஒரு கோடுதான் இருக்கிறது, அல்லது கோடே இல்லை என்றால், அங்கிருந்து வேறு நிறத்தில் அடுத்த கம்பி.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. கிளம்பிய குறிக்குக் கோடு குறுக்கே வந்ததும் "முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுவது முதலாவது. அது தாண்டிப்போக வேண்டிய இடம். இரண்டாவது, குறியில் நேரே போகாமல் பழக்கத்தில் வளைத்துவிடுவது. வீட்டில் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள்தான் இதைச் செய்வார்கள், கை தானாக வளையும். மூன்றாவது, குறி விட்டுப்போவது. இதற்கு எண்ணிக்கையே காவல்: 2க்கு 3 என்றால் 7 குறி, 3க்கு 4 என்றால் 17. குறியை எண்ணிவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். ஜோடியில் ஒருவர் கோடு போட, மற்றவர் விரலால் பின்தொடர்ந்து சரிபார்த்தால் பென்சிலைப் பிடுங்கும் சண்டையும் இருக்காது.

சுவரில் ஒரு சார்ட்: மேலே 1 முதல் 6, பக்கத்தில் 1 முதல் 6. ஒரு கட்டத்தில் எண் எழுத வேண்டுமானால் இரண்டு ஜோடிகள் தனித்தனியாகப் போட்டு ஒரே எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். வேறுபட்டால் அவர்களே உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளட்டும். "எது சார் சரி?" என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

2க்கு 2 இரண்டு கம்பி. 2க்கு 3 ஒன்று. 2க்கு 4 இரண்டு, 2க்கு 5 ஒன்று. இந்த வரிசை நிரம்பியதும் யாராவது சொல்வார்கள்: இரட்டைப்படை என்றால் ரெண்டு, ஒற்றைப்படை என்றால் ஒண்ணு. அருமையான யூகம், பாராட்டிவிட்டு 3க்கு 3 போடச் சொல்லுங்கள். மூன்று கம்பி வரும், யூகம் உடையும். 3க்கு 4 ஒன்று, 3க்கு 5 ஒன்று, 3க்கு 6 மூன்று. அடுத்த யூகம் வரும்: சின்ன எண் பெரிய எண்ணை மீதியில்லாமல் வகுத்தால் சின்ன எண், இல்லையென்றால் ஒன்று. முன்னதைவிட வலுவான யூகம் இது, சார்ட்டில் அதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் பொருந்தும். இப்போதுதான் 4க்கு 6 கொடுக்க வேண்டும். நான்கு ஆறை வகுக்காது, ஆனாலும் கம்பி இரண்டு.

இந்த வரிசை முக்கியம். 4க்கு 6ஐ முதலிலேயே கொடுத்துவிட்டால் உடைப்பதற்கு யூகமே இருக்காது, அது இன்னொரு படமாகத்தான் போகும். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியதுதான் கம்பிகளின் எண்ணிக்கை என்பதைச் சில ஜோடிகளாவது தங்கள் சொல்லில் சொல்லிவிடும். சொன்ன பிறகு, அதற்கு மீப்பெரு பொதுக் காரணி என்று பெயர், பின்னால் பாடத்தில் வரும் என்று சொல்லலாம். யாரும் சொல்லவில்லையா? சார்ட்டை அப்படியே சுவரில் விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை யாராவது வந்து சொல்வார்கள், விடையை நீங்கள் எழுதி வைத்துவிட்டால் அது நடக்காது.

முந்திக்கொண்ட பிள்ளைகளுக்கு: 2க்கு 2 கோலத்தை ஒரே கம்பியாக்க முடியுமா? ஒரு குறியில் மட்டும் கோடுகள் வெட்டாமல் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகட்டும். இரண்டு வேறு வேறு கம்பிகள் வெட்டும் குறியாக இருந்தால் அவை ஒன்றாகச் சேர்ந்துவிடும். 3க்கு 3ஐ ஒரே கம்பியாக்க இப்படி இரண்டு இடம் வேண்டும். வாசலில் 'ஒரே இழையில' போட்டு முடிக்கும் பெண்களின் கைக்குள் இருக்கும் கணக்கு இதுதான் என்பதைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு புள்ளித் தாளைக் கொடுத்து, ஆச்சியிடமோ அத்தையிடமோ ஒரு சிக்குக் கோலம் போட்டுக் காட்டச் சொல்லி, எத்தனை இடத்தில் கோடு விலகுகிறது என்று எண்ணி வரச் சொல்லலாம். ஒன்று கவனம்: மேலே சொன்ன விதி நேர்ப்புள்ளிக்குத்தான். இடுக்குப் புள்ளியில் சரிசதுரத்தைத் திருப்பிவைத்த மாதிரி வரும் கோலங்களுக்கு இது பொருந்தாது, பட்டறையில் கலக்க வேண்டாம்.

495

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், 1949இல் 6174 என்ற எண்ணின் குணத்தைச் சொன்னார். அது நான்கு இலக்கத்துக்கு. தொடக்கப்பள்ளிக்கு அதன் மூன்று இலக்கத் தம்பி 495 போதும்.

மூன்று இலக்க எண் ஒன்று, மூன்றும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை மாற்றிப்போட்டுக் கிடைக்கும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். வந்த விடையை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். 352 எடுத்தால்: 532−235=297, 972−279=693, 963−369=594, 954−459=495. அதற்கு மேல் 495 மாறவே மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஆறு படிக்குள் அங்கே வந்துவிடும். ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். எல்லாரும் வேறு வேறு எண் எடுத்து, எல்லாருக்கும் 495 வரும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்தக் கணக்கைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

கடன் வாங்கிக் கழிப்பதில் தப்பு வரும். திருத்த வேண்டியதில்லை, ஒரு கேள்வி போதும்: "உன் விடைகள்ல நடு இலக்கம் என்ன?" எப்போதும் 9தான் வரும், ஓர இலக்கங்கள் இரண்டும் கூடினாலும் 9. அப்படி வராத இடத்தில்தான் கழித்தல் பிசகியிருக்கிறது. பிள்ளையே கண்டுபிடித்து அழித்துவிட்டு எழுதும்.

இன்னொரு இடம் கட்டாயம் சிக்கும். 211 எடுத்த பிள்ளைக்கு 211−112=99 வரும். 99ஐ வைத்து 99−99 போட்டுப் பூஜ்யத்தில் போய் நிற்கும். அதை 099 என்று எழுத வேண்டும்: 990−099=891, பிறகு 792, 693, 594, 495. "மூணு இலக்க விளையாட்டு, அதனால மூணு இடமும் நிரம்பணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை படியில் வந்தது என்பதை இரண்டாவது சார்ட்டில் குறித்துவந்தால், பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் படிகளைத் தீர்மானிக்கிறது என்று தெரியவரும். வித்தியாசம் 5 என்றால் ஒரே படி, 1 என்றால் ஆறு படி. ஐந்தாம் வகுப்பில் கழித்தல் சரளமாக வருபவர்களுக்கு 6174ஐக் கொடுக்கலாம், அங்கே ஏழு படிக்குள் முடியும்.

உடன் நிற்பவர்களுக்கு

உதவியாளர்கள் நான்கு பேரையும் முந்தின நாள் ஒரு மணி நேரம் உட்கார வைத்து மூன்றையும் அவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3க்கு 4 கோலத்தில் ஒருமுறை சிக்கிக்கொண்டவருக்குத்தான் பிள்ளை எங்கே சிக்கும் என்று தெரியும். பட்டறையில் அவர்கள் வாயிலிருந்து மூன்று கேள்விகள் மட்டும் வந்தால் போதும்: "எப்படித் தெரிஞ்சுது?", "எப்பவும் அப்படித்தானா?", "இன்னொண்ணு போட்டுப் பாத்தியா?" பிள்ளையின் தாளில் அவர்கள் பேனா படக் கூடாது.

பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் கண்டுபிடித்ததைப் பக்கத்து ஜோடியிடம் காட்ட மாட்டார்கள், பெரிய கோலத்தைத் தொடவும் பயப்படுவார்கள். பெற்றோர் வந்தால் அவர்களுக்கும் தனியாக ஒரு மேசையும் புள்ளித் தாளும் கொடுத்துவிடுங்கள். பின்னால் நின்று "இங்க பாரு, இப்படிப் போடு" என்று சொல்வதை நிறுத்த வேறு வழி இல்லை.

கடைசிக் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு ஜோடியும் அரைத் தாளில் இரண்டு வரி எழுதட்டும்: நாங்கள் கண்டது, இன்னும் புரியாதது. எழுதச் சிரமப்படும் பிள்ளை படம் போட்டால் போதும். இரண்டாவது வரிகளைத் தொகுத்து வையுங்கள். "5க்கு 7 ஏன் ஒண்ணு?", "495க்குப் பதிலா வேற எண் ஏன் நிக்கல?" மாதிரி வருபவற்றிலிருந்துதான் அடுத்த பட்டறையின் கணக்கை எடுக்க வேண்டும்.