வெளிர்நிறத் தோல் சீற்றில் செம்மண்ணும் பனம்பழமும்

வன்னியில் வெளிர்நிறத் தோல் சீற் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மாங்குளம் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் போய் வந்தாலே செம்மண் புழுதி தையல் இடுக்கெல்லாம் ஏறிவிடும். அதை எடுத்த எடுப்பிலேயே ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. புழுதி சேறாகித் தையலுக்குள் இறங்கிவிடும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வாக்யூம் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பெரிய தலையிடி தந்தது பனம்பழம். ஆவணியில் அம்மம்மா தந்துவிட்ட பழம் பையோடு கசிந்து, பின்சீற்றில் செம்மஞ்சளாக ஒரு திட்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவைக் கொஞ்சம் கரைத்து, நுரையை மட்டும் வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணியில் நிறம் ஏறுவது நின்றதும் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி, பிறகு கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலரவிட்டேன். லேசாக மிஞ்சிய மஞ்சள், தோலுக்கென்றே விற்கும் கிளீனர் போட்டதும் போய்விட்டது.

குளோரின், தின்னர் பக்கமே போகாதீர்கள். கார்த் தோலின் மேல் பெரும்பாலும் நிறப்பூச்சும் அதற்குமேல் காப்புப் பூச்சும் இருக்கும், தின்னர் பட்டால் கறையோடு சேர்ந்து அந்தப் பூச்சும் கழன்று வரும். ஜீன்ஸ் நீலம் சாரதி சீற்றில் ஏறினால் அன்றைக்கே அதே நுரையால் துடைத்துவிடுங்கள், பழசானால் மல்லுக்கட்ட வேண்டிவரும். எதைப் பூசுவதானாலும் சரி, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே பூச வேண்டும்.