பெங்களூர் வாடகை வீட்டுக்குக் கிருஹ ஜோதி: பதிவு செய்யும் முறையும் யூனிட் கணக்கும்

"200 யூனிட் வரை கரண்ட் இலவசம்" என்றுதான் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி 190 யூனிட் ஓட்டிவிட்டு, பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையும் குடும்பங்கள் நிறைய. 200 என்பது மேல் எல்லை மட்டும்தான். உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஓர் அளவு உண்டு. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு எப்படி?

2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அந்த மீட்டரில் ஓடிய யூனிட்டின் மாதச் சராசரியை எடுத்து, அதோடு 10 சதவீதம் கூட்டுகிறார்கள். சராசரி 110 என்றால் உங்கள் அளவு 121. இதில் மூன்று நிலை வரும்.

118 யூனிட் ஓடினால் பில் பூஜ்ஜியம். 150 ஓடினால், கூடுதலான 29 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 2025-26 கட்டணப்படி யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு, ஆக 168 ரூபாய் 20 காசு. இதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் 201 ஓடினால் சலுகையே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும். அதே 2025-26 கட்டணப்படி 201 யூனிட்டுக்கு 1,165 ரூபாய் 80 காசு, அதற்கு மேல் இணைப்பின் திறனில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 145 ரூபாய் நிலைக் கட்டணம். 3 கிலோவாட் இணைப்பு என்றால் 1,600 ரூபாயைத் தாண்டும். வரி தனி. கடைசி ஒரு யூனிட்டுக்காக இவ்வளவு பணம் போவதால்தான் பில் போடும் தேதிக்கு முந்தைய வாரம் மீட்டரைப் பாருங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

2022-23 கணக்கே இல்லாத புது வீடுகளுக்கு, மாநிலச் சராசரியான 53 யூனிட்டை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். இது குறைவுதான். இரண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், டிவி என்றாலே தாண்டிவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

"இந்த போர்ஷனுக்குத் தனி பெஸ்காம் மீட்டரா, சப் மீட்டரா?" என்று ஓனரிடம் கேளுங்கள். பெஸ்காம் என்பது பெங்களூரின் மின் விநியோக நிறுவனம், சப் மீட்டர் என்பது ஓனர் தானே உள்ளே வைத்துக்கொள்ளும் மீட்டர். ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் பக்கமெல்லாம் ஒரே மீட்டரில் மூன்று நான்கு போர்ஷன் ஓடும் கட்டடங்கள் உண்டு. அங்கே எல்லோருடைய உபயோகமும் ஒரே கணக்கில் சேர்ந்து, எளிதாக 200-ஐத் தாண்டிவிடும். சப் மீட்டருக்கு ஆர்.ஆர். நம்பர் (பெஸ்காம் தரும் இணைப்பு எண்) கிடையாது, அதனால் உங்கள் பெயரில் பதிவும் செய்ய முடியாது.

தேவையானவை

பெஸ்காம் பில் (அதில் 10 இலக்க அக்கவுண்ட் ஐடி இருக்கும்), ஆதார், வாடகை அக்ரிமென்ட். ஆதாரில் இணைத்த செல்போன் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதார் எடுத்தவர்களில் பலர் பழைய சிம்மைத் தூக்கிப்போட்டிருப்பார்கள். ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். முதலில் ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு வாருங்கள்.

பதிவு செய்யும் படிகள்

1. கர்நாடக அரசின் சேவா சிந்து கேரண்டி இணையதளத்தில் கிருஹ ஜோதியைத் தேர்ந்தெடுங்கள். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.
2. மின் நிறுவனம் என்ற இடத்தில் பெஸ்காம். அடுத்து அக்கவுண்ட் ஐடி.
3. பில்லில் உள்ள பெயரும் முகவரியும் திரையில் வரும். ஓனர் பெயர்தான் வரும், கவலை வேண்டாம். கதவு எண் உங்கள் போர்ஷனுடையதுதானா என்று மட்டும் பாருங்கள். பக்கத்துப் போர்ஷன் பில்லை வைத்துப் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.
4. குடியிருப்பவர் வகையில் "வாடகைதாரர்" என்று குறியுங்கள்.
5. ஆதார் எண், ஓ.டி.பி., செல்போன் நம்பர், உறுதிமொழி, சமர்ப்பிப்பு. ஒப்புகை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. இணையம் ஒத்துவரவில்லை என்றால் பெங்களூர் ஒன் மையத்துக்கோ பெஸ்காம் அலுவலகத்துக்கோ போகலாம். சந்தேகம் இருந்தால் பெஸ்காம் உதவி எண் 1912.

சில ஓனர்கள் தயங்குவார்கள், வீடே கைமாறிவிடுமோ என்று. பதிவு செய்வதால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அது மாறாது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஓனர் தன் ஆதாரில் ஒரு மீட்டருக்குத்தான் சலுகை பெற முடியும். நீங்கள் பதிவு செய்யாவிட்டால் உங்கள் போர்ஷனுக்கான சலுகை யாருக்கும் பயன்படாமல் போகும்.

வீடு மாறும்போது

பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். பழைய மீட்டரோடு ஆதார் ஒட்டிக்கொண்டிருந்தால் புது வீட்டுக்குப் பதிவு ஆகாது. 2024-ல் இதற்காகவே மீட்டரோடு உள்ள ஆதார் இணைப்பை நீக்கும் வசதியை அதே தளத்தில் கொண்டுவந்தார்கள். காலி செய்ததும் முதலில் பழையதை நீக்குங்கள், பிறகு புது அக்கவுண்ட் ஐடியைச் சேருங்கள். உங்களுக்கு முன் குடியிருந்தவர் நீக்காமல் போயிருந்தால், அவருக்கு ஃபோன் போட்டு நீக்கச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் அன்றே ஓனர் இதைக் கேட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது. பழைய வீட்டின் அளவே இங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிடாமல், முதல் பில்லைப் பாருங்கள்.

அளவுக்குள் நிற்க

பெங்களூர்க் குளிரில் யூனிட்டை விழுங்குவது கீசர்தான். 2 கிலோவாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினால் மாதம் 30 யூனிட். எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து, சுவிட்சை உடனே அணையுங்கள். 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 34 யூனிட். மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் 30 வாட்தான், 14 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

சொந்த மொட்டை மாடி இருந்தால்

மாடியில் சோலார் பேனல் வைக்க மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பதிவு பெற்ற நிறுவனம்தான் அமைக்க வேண்டும், பேனலும் உள்நாட்டில் தயாரான சோலார் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று இறக்குமதிப் பேனலுக்குத் தலையாட்டினால் மானியம் கிடைக்காது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு பணம் போடுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இன்வெர்ட்டரே அதை நிறுத்திவிடும். 2023-ல் மழை பொய்த்து மின்தடை வந்ததுபோல இன்னொரு முறை வந்தால், அந்த நேரத்துக்குக் கைகொடுப்பது பேட்டரிதான். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.