கொண்டக்டர் கத்துகிறார், உங்கள் மொடல் காதோடு பேசுகிறது

கொழும்பு வெள்ளவத்தைத் தரிப்பிடத்தில் 100ஆம் இலக்க பஸ் வந்து நிற்கிறது. "கொட்டுவ, கொட்டுவ!" என்று கொண்டக்டர் கத்துகிறார். யாருக்குக் கேட்டது, யார் போனில் மூழ்கியிருந்தார் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. வயர்லெஸ் கருவி பேசுவதும் இப்படித்தான். வயர்லெஸ் வலையமைப்பைக் கணித வடிவில் எழுதி இறுதியாண்டு மாணவர்கள் கொண்டுவரும் மொடல்களோ பெரும்பாலும் ஒருவர் காதில் ஒருவர் ரகசியம் சொல்கின்றன.

செய்தி பரிமாறும் செயல்களை எழுதுவதற்கான கணிதக் குறிமொழி பை-கல்குலஸ். அதை 'மொபைல்' என்ற சொல்லை நம்பி எடுப்பதால் வரும் வினை இது. 1992இல் மில்னர், பாரோ, வாக்கர் மூவரும் அதை வெளியிட்டபோது 'மொபைல்' என்றது உண்மைதான். ஆனால் அங்கே நகர்வது சனலின், அதாவது செய்தி போகும் வழியின், பெயர், ஆளோ போனோ அல்ல. அதில் ஒரு செய்தி ஒருவருக்கே போகும். வாங்குபவர் தயாராகும்வரை அனுப்புபவர் காத்து நிற்பார். வானொலி அலை யாருக்காகக் காத்து நின்றது? ஆய்வாளர் பிரசாத்தின் சிபிஎஸ் போன்ற ஒலிபரப்புக் கல்குலஸில் அனுப்புபவரை யாரும் மறிக்க முடியாது. கேட்கத் தயாரில்லாதவருக்கு அந்தச் செய்தி இல்லை, அவ்வளவுதான். அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்த சறுக்கல் கண்ணில் படாது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தையில் ஒவ்வொரு கருவி இருப்பதாக வையுங்கள். ஓரத்து இரண்டுக்கும் ஒன்றையொன்று கேட்காது; நடுவிலிருப்பதற்கு இரண்டும் கேட்கும். ஓரத்து இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் பம்பலப்பிட்டியில் இரைச்சல்தான் மிஞ்சும். அனுப்புதலை ஒரே அடியில் முடிகிற செயலாக எழுதினால், ஒன்று முடிந்தபின்தான் மற்றது நடக்கும். மோதல் உங்கள் மொடலில் பிறக்கவே பிறக்காது. தொடக்கம் ஒரு நிகழ்வு, முடிவு இன்னொரு நிகழ்வு என்று பிரித்து எழுதுங்கள்.

மோதல் விடுபட்டுவிடுமோ என்று பயந்து "எந்தச் செய்தியும் எப்போதும் தொலையலாம்" என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. நேர்மையாகத்தான் தெரியும். பிறகு "செய்தி போய்ச்சேரும்" என்று எதையுமே நிரூபிக்க முடியாது! மோதல், தூரம் என்று தொலைவதற்கான காரணத்தையும் மொடலுக்குள் வையுங்கள். எனக்குக் கேட்டால் உனக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்வதும் வேண்டாம். இரு பக்கக் கருவிகளின் அலை வலு வேறுபடலாம்.

நான்கு கருவிகளை வைத்து, மொடலைத் தானாகச் சோதிக்கும் ஸ்பின் மென்பொருளில் ஓட்டிவிட்டு "நிரூபித்தோம்" என்று எழுதுவது இன்னொரு சறுக்கல். அது நான்குக்கு மட்டும் செல்லும். நெறிமுறையின் ஆவணத்தை எப்படி வாசித்தீர்கள் என்பதும் முக்கியம். 2003இல் வந்த ஏஓடிவி வழித்தட நெறிமுறையின் ஆவணமான ஆர்எஃப்சி 3561ஐப் பாருங்கள். எந்த வழித்தடத் தகவல் புதியது என்று காட்டும் வரிசை எண்கள் இருப்பதால் வழித்தடம் வட்டமடிக்காது, செய்தி சுற்றிச் சுற்றி வராது என்றுதான் நம்பினார்கள். ஆவணத்தின் சில வரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வாசிக்கலாம். அவற்றில் சில வாசிப்புகளில் வட்டம் விழும் என்பதை ஆய்வாளர் வான் கிளாபீக்கின் குழுவினர் பின்னாளில் காட்டினார்கள். நீங்கள் எடுத்தது எந்த வாசிப்பு என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.