புது டயர் மாட்டிய முதல் வாரம்: செய்யக்கூடாதவை

பைக்கின் பின் டயரை மாற்றிக்கொண்டு கடையை விட்டுக் கிளம்பியதுமே பலருக்கும் வயிற்றைக் கலக்கும். திருப்பத்தில் வண்டி தானாகச் சாய்கிறது, நேராகப் போகும்போதும் நழுவுகிற மாதிரி இருக்கிறது. "ஏனுங்ணா, டயர் சரியில்லைங்களா?" என்று மறுநாளே கடைக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எதையுமே கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டாவது ஆள்தான் ஆபத்தில் இருக்கிறார். எது ஓட்ட ஓட்டச் சரியாகும், எதற்குக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அந்தச் சாய்வு. திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நம் பக்கம் வேலைக்குப் போய்வரும் வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் நேர்ச்சாலையில்தான். அதனால் பின் டயரின் நடுப்பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடு) தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரப்பட்டன் அப்படியே இருக்கும். தட்டையான டயர் லேசில் சாயாது. கொஞ்சம் அழுத்திச் சாய்த்தால்தான் திரும்பும். இது மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை, கை மட்டும் பழகிவிடுகிறது. பிறகு உருண்டை வடிவத்தில் புது டயர் வருகிறது. பழைய டயருக்குக் கொடுத்த அதே அழுத்தத்தை இதற்கும் கொடுத்தால் வண்டி பொசுக்கென்று சாய்கிறது. பயந்துபோய் நடுத்திருப்பத்தில் பிரேக்கைப் பிடிப்பதுதான் இங்கே நடக்கிற தவறு. டயர் வழுக்கவில்லை, உங்கள் கை இன்னும் பழைய டயரில் இருக்கிறது. கழற்றிய டயரைக் கடையில் விட்டு வருவதற்கு முன், புதுசோடு பக்கத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து ஒரு பார்வை பாருங்கள். ஒன்றின் முதுகு பலகை போல இருக்கும், மற்றது வளைந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர் திருப்பத்தில் பதற மாட்டார்.

ஆனால் மேல்பரப்பில் பிடிப்பு குறைவு என்பதும் உண்மைதான். டயரை வார்க்கும் அச்சிலிருந்து வந்த புது ரப்பர் வழவழப்பாக இருக்கும். டயர் அச்சில் ஒட்டாமலிருக்கப் பயன்படுத்தும் பூச்சின் மிச்சமும் அதில் இருக்கலாம். முதல் 150 கிலோமீட்டர் வாக்கில் நிதானமாக ஓட்டுவது நல்லது. இதைச் சீக்கிரம் முடிக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், பெட்ரோலில் துடைப்பதும் வேண்டாம். பெட்ரோல் ரப்பருக்கே கேடு. பளபளப்புக்காக விற்கும் பாலிஷைப் பட்டன் மேல் தடவுவது இன்னும் மோசம். சாலையில் இடதும் வலதும் வளைத்து வளைத்து ஓட்டினால் டயர் பதமாகிவிடும் என்பதிலும் பெரிதாகப் பலன் இல்லை. நேராகப் போகும்போது மிதமாக வேகம் கூட்டி, மிதமாகப் பிரேக் பிடித்தாலே ரப்பர் சூடாகிப் பதத்துக்கு வரும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வாரம் முழுக்கப் பல்லடம் ரோட்டில் நேராக ஓட்டியிருப்பார். 'டயர் செட் ஆகிவிட்டது' என்று ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுவார். அங்கே 40 கொண்டை ஊசி வளைவுகள். டயரின் நடுப்பகுதிதான் பழகியிருக்கிறது, ஓரம் இன்னும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஓரத்தில் ரப்பர் முடிகள் கலையாமல் நின்றால் அந்த இடம் சாலையைத் தொட்டதே இல்லை என்று அர்த்தம். திம்பத்தின் 27 வளைவுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுக்கும் இதே கதைதான். முதல் சில வளைவுகளில் குறைவாகச் சாய்த்து, வளைவுக்கு வளைவு கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்கள். மழை ஈரம் இருந்தால் அந்தப் பயணத்தையே அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். கரும்பு வெட்டு நேரத்தில் சத்தியமங்கலம் பக்கம் ரோட்டில் கிடக்கும் சோகை, ஜல்லி லாரி சிந்திய துகள், இதிலெல்லாம் நல்ல டயரே நழுவும். புதுசுக்குக் கேட்கவே வேண்டாம்.

காற்று அடுத்த விஷயம். ட்யூப்லெஸ் டயர் ரிம்மில் 'டப்' என்று உட்காரும்வரை கடையில் அதிகமாகக் காற்று ஏற்றுவார்கள். பிறகு இறக்க மறந்துவிடுவதும் உண்டு. கல்லாக இருக்கும் டயரில் குதித்துக் குதித்துப் போய்விட்டுக் குறையை ரப்பர் மேல் போடுகிறோம். மறுநாள் காலை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், அளந்து பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். சிறிய வண்டிகள் பலவற்றில் முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. என்ற அளவில் வரும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் கூடும். 'பெரிசா இருக்கட்டும்' என்று அளவு கூடிய டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினாலும் வடிவம் கெட்டுத் திருப்பம் விநோதமாகத்தான் இருக்கும். அதற்கு ஓட்டிப் பழகுவது மருந்தல்ல.

சரி, எவையெல்லாம் ஓட்டினாலும் போகாது? வேகத்துக்கு ஏற்ப 'தப் தப்' என்று ஒரே தாளத்தில் வரும் ஆட்டம் போகாது. டயர் ரிம்மில் ஒரு இடத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். ரிம்மை ஒட்டி டயரில் வட்டமாக ஒரு மெல்லிய கோடு ஓடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது எங்கேயாவது உள்ளே போகிறதா என்று பாருங்கள். அறுபது எழுபதில் மட்டும் ஹேண்டில் நடுங்கினால் பேலன்ஸிங் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகவே இழுத்தால் பின் சக்கரம் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். செயின் அட்ஜஸ்டரில் இருபக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். சைடில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம்.

ஒரு விதிவிலக்கு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம்–உடுமலை ரோட்டில் எந்த வண்டியும் ஆடும். அன்றைக்கு டயரைச் சோதித்து முடிவெடுக்காதீர்கள்.

முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னொன்று. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பேடுகள் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தலில் லீவர் சும்மா போய் ஹேண்டிலைத் தொடும். கடை வாசலிலேயே, வண்டியை நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும்வரை நாலைந்து முறை அழுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.