பழைய ஜேசிபி சிலிண்டரில் ஆயில் கசிகிறதா? சீல் மாற்றும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடும் பழைய வண்டிகளுக்குக் கண்மாயில் சீமைக்கருவேலம் பிடுங்குவதும் சரளை வெட்டுவதும்தான் அன்றாட வேலை. சிலிண்டரிலிருந்து நீண்டு மடங்கும் ராடில் (தண்டில்) படியும் ஆயிலில் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும். ராடு உள்ளே போகும்போது, ஆயிலை அடைத்து வைக்கும் வளையமான சீலை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். அதனால் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் சீல் கிட் (புது சீல்களின் தொகுப்பு) வாங்காதீர்கள்.

ராடு வெளியே வரும் வாயில் ஆயில் வழிந்தால் அந்த வாயை மூடும் கிளாண்டின் (மூடியின்) சீல் போயிருக்கிறது. வெளியே சொட்டே இல்லை, ஆனால் பக்கெட்டுக்குப் பலம் இல்லை என்றால், ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீலைச் சோதிக்க வேண்டும். ராடை முழுக்க நீட்டி இன்ஜினை அணையுங்கள். லீவர்களை நாலைந்து முறை ஆட்டிப் பிரஷரை இறக்கி, ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயைப் பிளக் போட்டு அடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, நீட்டும் பக்கமே லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். சிலிண்டரில் திறந்திருக்கும் போர்ட்டில் (ஹோஸ் மாட்டும் துளையில்) ஆயில் விடாமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வரவில்லையென்றால் சிலிண்டரைப் பிரிக்காதீர்கள், கண்ட்ரோல் வால்வைப் பாருங்கள். போர்ட்டுக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து ஆயிலை உள்ளே ஏற்றிவிடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் நாலைந்து முறை ஆட்டுங்கள். சிலிண்டரை நன்றாகக் கழுவுங்கள். ஹோஸ்களுக்கு அடையாளம் போட்டு வாயை அடைத்துவிட்டு, சிலிண்டரை வண்டியோடு இணைக்கும் பின்னைத் தட்டிச் சிலிண்டரை இறக்குங்கள்.

கிளாண்டை ஹூக் ஸ்பேனரால் திருப்புங்கள். இறுகிப்போயிருந்தால் வெளியே சூடு காட்டலாம். ஆனால் ஆயிலை முழுக்க வடித்து, இரண்டு போர்ட்டும் திறந்திருந்தால் மட்டும். அடைத்த சிலிண்டரைச் சூடாக்கினால் வெடிக்கும். ராடைக் காற்றடித்து வெளியே தள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம், குண்டு மாதிரி பாயும். நேராகப் பிடித்துக் கையால் இழுங்கள்.

இனி ராடைப் பாருங்கள். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் எங்காவது மாட்டுகிறதா? மாட்டினால் அங்கே குரோம் பூச்சு கீறியோ உரிந்தோ இருக்கிறது. அதை அப்படியே விட்டுப் புது சீல் போட்டால் சீக்கிரமே கிழியும். லேத் பட்டறையில் கொடுத்து ஹார்டு குரோம் போட்டு கிரைண்ட் செய்ய வேண்டும். கருவேல வேரை ஓரமாக நெம்பியதில் ராடு வளைந்திருக்கிறதா என்றும் வி-பிளாக்கில் உருட்டிப் பாருங்கள். பேரலுக்குள் (சிலிண்டரின் வெளிக்குழாய்க்குள்) டார்ச் அடியுங்கள். லேசான கோடு ஹோனிங்கில் (உள்சுவரைத் தேய்த்து மெருகேற்றுவதில்) போகும், ஆழமான கோடு போகாது.

கிட் வாங்க ராடு விட்டம், பேரல் உள்விட்டம், பழைய சீலின் அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுமுன் போட்டோ எடுங்கள்.

புதியவர்கள் தவறுவது சீல் மாட்டும் இடத்தில்தான். யூ-சீலின் வாய் எப்போதும் பிரஷர் வரும் பக்கம், அதாவது ஆயில் பக்கம், பார்க்க வேண்டும். ராடின் தூசியைத் துடைக்கும் வைப்பரின் உதடு மட்டும் வெளியே பார்க்கும். சீலுக்கு முட்டுக் கொடுக்கும் பேக்கப் ரிங் பிரஷருக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். யூ-சீலைச் சிறுநீரக வடிவில் மடித்துப் பள்ளத்தில் விட்டு விரலால் விரியுங்கள். ஸ்குரூடிரைவர் முனை பட்டால் உதடு வெட்டுப்படும். பிஸ்டனின் டெஃப்லான் ரிங்கை வெந்நீரில் 5 நிமிடம் போட்டால் இளகி ஏறும். ஏறியதும் ரிங் கம்ப்ரெஸரால் சுருக்கி ஆறவிடுங்கள். பிஸ்டன் நட்டை வண்டியின் மேனுவலில் சொன்ன டார்க்குக்கே (முறுக்கும் பலத்துக்கே) முறுக்க வேண்டும். தளர்ந்தால் ராடு பிஸ்டனை விட்டு வெளியே வந்துவிடும்.

எல்லாவற்றிலும் சுத்தமான ஆயில் தடவி ராடை நேராகச் செருகுங்கள். பேரலின் மரைகளிலும் போர்ட் துளை ஓரத்திலும் சீல் சிக்கிக் கிழியும். மரையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, போர்ட்டைத் தாண்டும்போது மரக்குச்சியால் சீலை அமுக்கிவிடுங்கள்.

பூட்டியதும் டேங்கில் அதே தரம் ஆயிலை நிரப்பி, பின்களுக்குக் கிரீஸ் அடியுங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்கையில் ராடைக் கடைசிவரை தள்ளாமல் 5, 6 முறை நீட்டி மடக்குங்கள். உள்ளே காற்று இருக்கும்போதே முழு பிரஷர் கொடுத்தால் அது சூடேறிப் புது சீலைக் கருக்கும். பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். ஒரு மணி நேரம் வேலை செய்த பின் ராடைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். மெல்லிய பளபளப்பு மட்டும் இருந்தால் சரி. சொட்டு சேர்ந்தால் கிளாண்டைத் திறந்து உதட்டைப் பாருங்கள்.