புகைபோக்கிக்குள் லைனர் இறக்கும்போது சறுக்கும் இடங்கள்

குளிர்காய விறகு ஸ்டவ் வைத்திருப்பவர்கள் பழைய செங்கல் புகைபோக்கிக்குள் ஸ்டீல் லைனர், அதாவது உட்குழாய், இறக்குவது, புகையை மேலே இழுக்கும் இழுவை கூட வேண்டும், கிரியோசோட் என்ற தார்ப்படிவு குறைய வேண்டும் என்றுதான். இறக்கிய பிறகும் கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கிறது என்று பலர் புலம்புவார்கள். பெரும்பாலும் குழாயில் கோளாறு இருக்காது. புகையைச் சூடு ஆறாமல் உச்சிவரை கொண்டுபோவதுதான் அதன் வேலை என்பது வேலைக்கு நடுவில் மறந்துபோயிருக்கும்.

சூடான புகை இலேசானது, அதனால் ஏறுகிறது. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிவிட்டால், அதிலிருக்கும் நீராவியும் எரியாத தார் ஆவியும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படிவுதான் கிரியோசோட்.

அளவிலேயே பலர் சறுக்குகிறார்கள். பெரிய குழாயாகப் போட்டால் புகை தாராளமாகப் போகும் என்று நினைப்பு. ஸ்டவ்வின் புகைவாய் 6 அங்குலம் என்றால் லைனரும் 6 அங்குலம்தான். 8 அங்குலம் போட்டால் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலத்திலிருந்து 50க்குத் தாவிவிடும். அதே புகை ஏறக்குறைய பாதி வேகத்தில் ஊர்ந்து, வழியிலேயே ஆறும். அதற்காக, இடம் போதவில்லை என்று 5 அங்குலத்துக்கு இறங்குவதும் சரியில்லை. ஸ்டவ்வின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அந்தப் பக்கம் போகலாம். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பழைய களிமண் ஓடுகளை உடைத்து எடுத்து இடம் உண்டாக்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு குழாய்க்கு வெப்பக் காப்பு போடாமல் விடுவது. செராமிக் கம்பளி சுற்றினால் குழாய் தடித்துவிடும், இறக்கச் சிரமம், செலவும் கூடும். அதனால் 'செங்கல்தான் சுற்றி இருக்கிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் புகைபோக்கியில் மூன்று பக்கமும் குளிர்காற்று. அந்தச் செங்கல் சூட்டைக் காக்காது, குடிக்கும். கம்பளி சுற்ற இடமில்லாவிட்டால் வெர்மிகுலைட் (சூட்டைக் கடத்தாத இலேசான கனிமத் துகள்) கலவையைச் சுற்றிலும் ஊற்றலாம்.

பழைய கிரியோசோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே லைனர் இறக்குவது ஆபத்து. புகைபோக்கித் தீயில் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டும். குழாய்க்குள் பற்றினால், வெளியே ஒளிந்திருக்கும் பழைய படிவும் சேர்ந்து எரியும்.

சின்ன விஷயங்களும் உண்டு. வளையும் லைனரில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து இறக்குங்கள். விறகுக்கு அலுமினியக் குழாய் ஆகவே ஆகாது. ஸ்டவ்விலிருந்து கிளம்பும் குழாய்களில் மேல்குழாயின் நுனி கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் தார் இணைப்பு வழியே வெளியே வழியும்.

லைனரின் அடியில் இருக்கும் டீ இணைப்பின் (T வடிவ இணைப்பு) மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், அறைக்காற்று அங்கே நுழைந்து புகையை ஆற்றிவிடும். ஸ்டவ் எரியும்போது, ஊதி அணைத்த தீக்குச்சியை மூடியருகே பிடியுங்கள். அதன் புகை இடுக்குக்குள் வளைந்து போனால் கசிவு அங்கேதான்.

புகைபோக்கியின் உயரத்துக்கு வழக்கமான கணக்கு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி, 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம். உச்சித் தொப்பியின் கம்பிவலையும் கிரியோசோட்டில் அடைத்துக்கொள்ளும். இழுவை திடீரென்று குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அப்புறம் விறகு. ஈர விறகை எரித்தால் எந்த லைனரும் காப்பாற்றாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பலர் ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்தி 15 என்று பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். அந்தக் கட்டையை அப்போதே பிளந்து, புதிய முகத்தில் குத்தினால் 28 காட்டலாம். ராத்திரி முழுக்க எரியட்டும் என்று காற்றை அடைத்து வைப்பதிலும் இதே விளைவுதான்: தீ புகைந்து, தார்தான் மிஞ்சும்.

புது லைனர்தானே என்று ஒரு வருஷம் விட்டுவிடாதீர்கள். சில வாரங்களிலேயே டீயின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். படிவு 3 மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிட்டால் துடைத்தே ஆக வேண்டும்.